ஒற்றைப் பெயர்க் கணக்கு

கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துபோனதும், வருஷத்தின் நடுவிலேயே வேலையை விட்டேன். அம்மா எப்போதோ போய்விட்டாள். தம்பி குடும்பத்தோடு கோயமுத்தூரில் இருக்கிறான். கல்யாணமாகாத நான்தான் அப்பாவோடு வடகரப்பதி வீட்டில் இருந்தேன்.

தை மாதத்தில் அப்பா இறந்தார். காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். அதற்குப் பிறகும் அவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம் வந்தால் நான் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு எழுந்து நிற்பேன். வேலைக்குத் திரும்பப் போகலாம் என்று தோன்றவேயில்லை. பால்காரரிடம் பேசுவதோடு பல நாட்கள் பேச்சு முடிந்துவிடும்.

ஆனிக் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தபோது கம்பெனியில் என்னோடு வேலை செய்த பெண் போன் செய்தாள்.

"அக்கா, ஃபார்ம் பதினாறு மெயில்ல வந்திருக்கும், பாருங்க. வருஷம் பூராச் சம்பளம் வருமுன்னு கணக்குப் போட்டு உங்களுக்கு டேக்ஸ் புடிச்சுட்டாங்க. பாதியில நின்னதால அது திரும்பி வருமுங்க."

இன்னும் கொஞ்சம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஷிப்ட்டுக்கு நேரமாச்சுங்க்கா" என்று வைத்துவிட்டாள்.

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைவீதி கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அதை நடத்துபவளுக்கு என் வயதுதான் இருக்கும். திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வேலைய உட்டதுக்கப்புறம் வேற வருமானம் எதாச்சுமுங்க?"

"இல்லீங்க. அப்பாவப் பாத்துட்டிருந்தேன்."

"இப்ப எப்படி இருக்கறாருங்க?"

சொன்னேன். தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, பிளாஸ்கிலிருந்து எனக்கும் கொஞ்சம் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

பணம் வருவதற்கான வங்கிக் கணக்கில்தான் சிக்கல் வந்தது. வேலையை விட்டதும் சம்பளக் கணக்கை முடித்திருந்தேன். மிச்சமிருந்தது அப்பாவும் நானும் சேர்ந்து வைத்திருந்த கணக்கு. அதில் முதல் பெயர் அவருடையது. பான் எண்ணும் அவருடையது. எத்தனை முறை கொடுத்தாலும் வரித்துறை இணையதளம் ஏற்கவில்லை.

"பேங்க்ல போயி உங்க பேருக்கு மாத்திட்டு வாங்க" என்றாள்.

இறப்புச் சான்றிதழ் மாசியிலிருந்தே பீரோவில் இருந்தது. வங்கிக்கு மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது, மேலாளர் மலையாளம் கலந்த தமிழில், "அச்சன்டெ பேரு நீக்கணும், அல்லே?" என்று கேட்டார். தலையசைத்தேன். சில நாட்கள் கழித்துப் புதிய பாஸ்புக் தந்தார்கள். முன்பக்கத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. கவுன்ட்டர் பக்கத்திலிருந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அதன்பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. ஆதாரோடு இணைத்திருந்த போனுக்கு வந்த ஓடிபியைச் சென்டரில் சொன்னேன், வரிக் கணக்கு தாக்கலானது. ஆடி முடிவதற்குள் பணம் வந்துவிட்டதாக வங்கியிலிருந்து செய்தி வந்தது. தம்பிக்குப் போன் செய்தேன். "நல்லதுங்க்கா, செலவுக்கு ஆகும்" என்றான். அவன் பின்னால் குழந்தைகள் சத்தம் கேட்டது. வைத்துவிட்டேன்.

வேறு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சென்டருக்கு நடந்தேன்.

"வந்துருச்சுங்களா! பரவால்லீங்களே" என்று அவள் மனதாரச் சிரித்தாள். பிறகு, "இனிச் சம்பளம் ஒண்ணும் இல்லீன்னா அடுத்த வருஷம் நீங்க வர வேண்டியதில்லீங்க" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் இங்கே வர இருந்த ஒரே காரணமும் போய்விட்டதுபோல் இருந்தது.

"இல்லீங்க, வருவேன். வேலைக்குப் போறேன்" என்றேன். அந்த நிமிடம் வரை அப்படி ஒரு எண்ணம் எனக்கு இருந்ததில்லை.

"எங்கீங்க?"

"இனிமேதான் பாக்கோணுமுங்க."

அவள் பக்கத்து நாற்காலியில் கிடந்த காகிதக் கட்டை எடுத்துக் கீழே வைத்தாள். "உக்காருங்க, ஒரு பயோடேட்டா அடிச்சிரலாம்" என்றாள். உட்கார்ந்தேன்.