ஒரே ஒரு கிணற்றுக் கயிறு

எழுபதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் ஏரியில் நடந்தது இது. அந்த வருஷம் ஏரி முழுக்க ஆகாயத்தாமரை மண்டி, கரையிலிருந்து பார்த்தால் தண்ணீரே தெரியாது. நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம் போலிருக்கும். ஊர் வாலிபர்கள் சேர்ந்து மீன்பிடிப் போட்டி வைத்தார்கள். செடிமேல் மூங்கில் தட்டியைப் போட்டு, அதில் குந்திக்கொண்டு, அரிவாளால் செடியை வட்டமாக அறுத்து, அந்த ஓட்டைக்குள் தூண்டில் விட வேண்டும். மூச்சு வாங்க விரால் அங்கேதான் மேலே வரும். முதல் பரிசு எவர்சில்வர் குடம்.

என் மனைவியின் தம்பி பேர் கொடுத்துவிட்டான். நீச்சல் தெரியாதவன். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்குத் தூக்கமே இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பயப்படுவதில் மட்டும் குறைவே கிடையாது. காலையில் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் அவன் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கரைப் பனைமரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா மாமா, மானம் போவுது. நான் இன்னா மாடா?" என்று பல்லைக் கடித்தான்.

பக்கத்துத் தட்டியில் இருந்தவர் பல்லாவரம் பக்கத்து ஆள். அதற்கு முன் பார்த்ததில்லை. பிடித்த விரால்களை நாரில் கோத்துக்கொண்டே, "அண்ணே, கயித்த நல்லா புட்ச்சிக்கோ. மீனு உம் மச்சானை இஸ்துகினு பூடப் போவுது!" என்றார். கரையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனாலும் கயிற்றை விடவில்லை.

வெயில் ஏறியபோது மச்சான் தூண்டிலில் பெரிய விரால் ஒன்று மாட்டியது. சந்தோஷத்தில் எழுந்து நின்றான். தட்டி சாய்ந்தது. ஆள் உள்ளே. பக்கத்துத் தட்டிக்காரர், "டேய், கைய குட்றா!" என்று கத்திக்கொண்டே அந்தப் பச்சை மேல் பாய்ந்தார். தரை என்று நினைத்தாரோ, ஒன்றுமே நினைக்கவில்லையோ. அவரையும் காணோம். செடி மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கரையில் இருந்தவர்களும் சேர்ந்து கயிற்றை இழுத்தோம். சேறும் வேருமாக என் மச்சான் வந்தான். அதே கயிற்றை அவிழ்த்து அவர் விழுந்த பக்கம் வீசினோம். பிடிக்க ஆளில்லை. செடி மூடிக்கொண்டு, எந்த இடம் என்றே தெரியவில்லை. நீச்சல் தெரிந்தவர்கள் இறங்கிப் பார்த்து, வேர் காலைச் சுற்றவும் திரும்பிவிட்டார்கள். சாயங்காலம்தான் அவரை எடுத்தார்கள்.

குடத்தை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நானும் போயிருந்தேன். "இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்று அவர் மனைவி கேட்டார்.

"மாமா பயந்ததாலதான் நான் உசுரோட கீறேன்" என்று மச்சான் இன்றைக்கும் விசேஷ வீடுகளில் சொல்கிறான். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அவன் இடுப்பில் கயிறு இருந்தது அந்த மனிதருக்குத் தெரியும், அதைச் சொல்லித்தானே சிரித்தார். ஆள் விழுந்ததும் அது அவருக்கு மறந்துபோனது. இப்போதும் எதற்காவது பயந்து விழித்துக்கொண்டால், நான் பயந்ததெல்லாம் என் வீட்டு ஆளுக்காக மட்டும்தானே என்ற நினைப்பு வந்துவிடுகிறது, அதன்பிறகு தூக்கம் பிடிப்பதில்லை.