இடிந்த சுவருக்கு நூல் பிடித்த கதை

1. மேல்மாடியில் வாசல்

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, இடிந்த வீடொன்று மேலும் இடியாமல் பார்ப்பது. இக்காஸ்ட் என்ற சிறு நகரத்துக்கு வெளியே வயல் நடுவில் நின்ற கோபுர வீடு அது. மத்திய காலத்துப் பிரபு ஒருவன் கட்டியது. சுவரின் தடிப்பில் ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். படிக்கட்டு அந்தச் சுவருக்குள்ளேயே ஏறும். கீழே வாசல் கிடையாது. மேல்மாடியில்தான் வாசல், ஏணி வைத்து ஏற வேண்டும். கக்கூஸ் மட்டும் வெளியே சுவரில் தொங்கும். விருந்தாளி என்றாலே ஆகாத மனிதன்போல என்று நினைத்துக்கொண்டேன்.

என்னோடு வேலைக்குச் சேர்ந்த அன்ரனி அண்ணை மன்னாரில் பெயர் எடுத்த மேசன், அவருக்கு டெனிஷ் தெரியாது. எனக்கு டெனிஷ் கொஞ்சம் தெரியும். மேசன் வேலை தெரியாது. ஆகவே சாந்து குழைப்பதும் மொழிபெயர்ப்பதும் என் பொறுப்பு. வேலை பிடித்துப்போனால் அண்ணையை நிரந்தரமாக்கலாம் என்று அந்த வேலைக்குப் பொறுப்பான ஆர்க்கிடெக்ட் சொல்லியிருந்தார். அப்படி நடந்தால் அண்ணை வாடகைக்கு வீடெடுத்து, கொழும்பு லொட்ஜில் கிடந்த மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம். மனிதருக்கு வேறு நினைப்பே இல்லை.

2. நேராக நின்ற குற்றம்

மேல் விளிம்பில் கழன்ற கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் இறுக்கச் சொல்லிவிட்டு ஆர்க்கிடெக்ட் லீவில் போனார். அண்ணையால் மொட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நூல் பிடித்தார், தூக்குக்குண்டு விட்டார், மட்டம் பார்த்துக் கட்டி உயர்த்தினார். லீவு முடிந்து ஆர்க்கிடெக்ட் வந்தபோது சுவர் புதுப் பள்ளிக்கூடம் மாதிரி நின்றது.

அவர் தலையில் கை வைத்தார். "இடிபாடு இடிபாடு மாதிரித்தான் இருக்க வேணும்! வெள்ளிக்கிழமை மேயர் வாறார். அதுக்குள்ள திரும்ப உடையுங்கோ. ஆனா வடிவா உடையுங்கோ. ஏலாதெண்டால் வேற ஆள் பாக்கிறன்."

மொழிபெயர்த்தேன்.

"விசரே இவருக்கு?" என்றார் அண்ணை. "நேராக் கட்டினதுக்குப் பேச்சு வாங்கின மேசன் உலகத்தில நான் ஒருத்தன்தான் தம்பி."

"வேலை போயிடும் அண்ணை."

அண்ணை நூலைச் சுருட்டி வைத்தார். பிறகு சுத்தியலை எடுத்தார்.

3. பாராட்டு

வெள்ளிக்கிழமை, மேயர் வருமுன்பே ஆர்க்கிடெக்ட் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு மூலை பல்லுப் பல்லாக உயர்ந்து நின்றது. ஜன்னலுக்கு மேல் பாதி வளைவு. மறுபக்கம் சரிந்து இறங்கியிருந்தது.

"அருமை! தானா இடிஞ்ச மாதிரியே இருக்கு. எங்க பழகினவர் எண்டு கேள்."

கேட்டேன்.

"எங்கட வீடு இப்பிடித்தான் நிக்குது எண்டு சொல்லு," என்றார் அண்ணை. "போன வருசம் ஆமி அடிச்ச ஷெல் விழுந்தது. அதைப் பாத்துப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான்."

என் அரைகுறை டெனிஷில், ஊரில் அவர் வீடும் இப்படி இடிந்து நிற்கிறது என்பதுவரைதான் சொல்ல முடிந்தது; ஷெல்லுக்கு டெனிஷ் தெரியவில்லை. ஆர்க்கிடெக்டின் முகம் மலர்ந்தது.

"அப்பிடியோ! அதை ஒருத்தரையும் திருத்த விடவேண்டாம் எண்டு சொல்லு. திருத்தினால் அதின்ர மதிப்புப் போயிடும். இஞ்ச வேலை இவருக்குத்தான், நிரந்தரம்."

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"வேலை நிரந்தரமாம்."

"அவ்வளவோ? நிறையக் கதைச்சார்."

"அவ்வளவுதான் அண்ணை."

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அந்த ஆர்க்கிடெக்டில் வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

மொழிபெயர்ப்பு வேலைக்கு வரும் பிள்ளைகளே, கேட்டதையெல்லாம் சொல்ல வேண்டும் என்றுதான் வகுப்பில் படிப்பிப்பார்கள். நான் அந்த வகுப்புக்குப் போகவில்லை.