டம்ளரில் கரைந்த மாத்திரை

காரிமங்கலம் பக்கம் எங்கள் நிலக்கடலைக் காட்டில் களை எடுக்கும்போது இருமினேன். முந்தானையில் ரத்தம். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தெட்டு வயது. மாதா கோயில் ஞாயிறு பூசையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் நான்தான். உயிரைவிடக் குரல் போய்விடுமோ என்றுதான் பயந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துவிட்டு, காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமி நோய்) என்றார் டாக்டரம்மா. வெள்ளை மாத்திரைகளைக் காகிதப் பொட்டலமாக இலவசமாகவே கொடுத்தார்.

"பதினெட்டு மாசம். ஒரு நாள்கூட விடக் கூடாதும்மா."

என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பெனி பேர் இல்லை. ஒரு மாத்திரையை டம்ளர் தண்ணீரில் போட்டார். கரைந்து அடியில் வெள்ளையாகப் படிந்தது.

"பாத்தியா புள்ள, சாக்பீஸு! ஓசியில எவன் நல்ல மருந்து தருவான்?"

எங்கள் பக்கம் அன்று வீட்டுக்கு வீடு இந்தச் சோதனைதான். எங்களுக்கு டாக்டர் பட்டம் மட்டும்தான் பாக்கி. பொட்டலம் எருக்குழிக்குப் போனது.

டவுனில் தனியார் டாக்டரிடம் காட்டி, பளபளக்கும் அட்டை மாத்திரை வாங்கினோம். நானும் லேசுப்பட்டவள் இல்லை. "நாங்க கடையில வாங்கறமுங்க" என்று பக்கத்து வீட்டில் பீற்றிக்கொண்டேன். அதற்குத்தான் என் கம்மல் போனது. பிறகு காசு போதாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்கினேன். அப்புறம் இரண்டு மாதம் எதுவுமே இல்லை. அப்போதும் அரசு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. பாழாய்ப்போன கௌரவம்!

மறுபடி ரத்தம் வந்தது, இந்தமுறை வாய் நிறைய. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடைசி அட்டை மாத்திரையோடு டாக்டரம்மாவிடமே போய் நின்றோம். நடந்ததைக் கேட்டு அவர் வைத வசவு கொஞ்சமல்ல. அட்டையைப் படித்தார். அவர் கொடுத்த அதே மருந்து, அதே அளவு. இரண்டு டம்ளர் தண்ணீர் வரவழைத்து, ஒன்றில் அவர் மாத்திரை, மற்றதில் எங்களுடையது என்று போட்டார். இரண்டும் ஒரே மாதிரி கரைந்தன.

"இப்ப சொல்லுங்க, இதுல எதுங்க சாக்பீஸு?"

அந்தத் தண்ணீரை ஆரோக்கியத்தின் முகத்தில் வீசலாம் போல் ஆத்திரம் வந்தது. என் முகத்திலும்தான்.

அதற்குள் இடது நுரையீரல் பாதி சுருங்கிவிட்டது. விட்டு விட்டுத் தின்றதில் அந்த மருந்துக்குக் கிருமி பழகிவிட்டதாம். இரண்டு வருடம் ஊசியும் மாத்திரையுமாக அதே ஆஸ்பத்திரியில் பிழைத்தேன்.

உங்களுக்கும் இதே நோய் என்றால், வீட்டு டம்ளரைத் தண்ணீர் குடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டை இப்போது வேறொருத்தி எடுத்துக் கொடுக்கிறாள். முன்பு ஒரே மூச்சில் பாடிய வரியில் நான் பாதியில் நின்றுவிடுகிறேன். ஆண்கள் பக்கமிருந்து ஆரோக்கியம் திரும்பிப் பார்க்கிறார். நான் மூச்சு வாங்குவதற்குள் எல்லோரும் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.