ஓடும் மெஷினில் செயின் இறுக்கியவன்

வாலாஜாபாத் ரோட்டை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டும் வேலையை எடுத்திருந்தோம். நானும் என் மனைவியின் தம்பியும் மட்டும்தான். அவன் அதற்குமுன் பதினோரு வருடம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் உற்பத்தி லைனில் நின்றவன். அங்கே லைனை நிறுத்தியவன் பெயரைப் பலகையில் எழுதிவிடுவார்கள். தன் பெயர் ஒருமுறைகூட ஏறியதில்லை என்று கல்யாண வீடுகளில்கூடச் சொல்வான்.

செயின் ரம்பத்தில் செயின் தளர்ந்தால் நான் செய்வது இதுதான். இன்ஜினை அணைப்பேன். செயின் ஆறும்வரை காத்திருப்பேன். சூட்டில் நீண்டிருக்கும்போது இறுக்கினால் ஆறியதும் சுருங்கி, அது ஓடும் தகட்டைக் கவ்விக்கொள்ளும். பிறகு பக்க மூடியின் இரண்டு நட்டுகளைத் தளர்த்தி, தகட்டின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி செயினை இறுக்கும் திருகைத் திருப்புவேன். செயின் கீழே தொங்கக் கூடாது. கையுறையோடு இழுத்தால் தடையில்லாமல் சுற்றவும் வேண்டும். நுனியை விடாமலே நட்டுகளை முறுக்குவேன். மொத்தம் கால் மணி நேரம்.

"கால் மணி நேரமா? அதுக்குள்ள எங்க லைன்ல எத்தினி பீஸ் வெளிய போவும் தெரியுமா மாமா?" என்பான்.

அன்று மூன்றாவது மரம் விழுந்து பாதிச் சாலையை அடைத்துக் கிடந்தது. ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வந்த பஸ்கள் விடாமல் ஹாரன் அடித்தன. மரத்தை இழுத்துச் சாய்க்கக் கட்டிய வடத்தை நான் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், அவன் மண்டியிட்டு, இன்ஜின் உறும உறும, செயினை இறுக்கிக்கொண்டிருக்கிறான். வேலைக்கு நடுவே அணைந்துவிடக் கூடாதென்று காலையிலேயே ஐட்லிங்கையும், அதாவது விசையை அழுத்தாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தையும், ஏற்றி வைத்திருக்கிறான். அந்த வேகத்தில் பிரேக் இல்லாவிட்டால் செயின் தானே ஓடிவிடும். அவன் ஏற்றி வைத்தது எனக்குத் தெரியாது. பிரேக் போட்டிருந்தால் செயின் கையால் நகராது. அதனால் பிரேக்கையும் எடுத்துவிட்டுச் செயினைப் பிடித்து இழுத்தான்.

கத்தினேன். காதில் மூடி மாட்டியிருந்தவனுக்குக் கேட்கவில்லை. செயின் ஒரே ஒரு துள்ளல்தான் துள்ளியது. கையுறை கிழிந்து பறந்தது. எண்ணெயும் ரத்தமும் அவன் முகத்தில் தெறித்தன. ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினேன்.

அவன் காது மூடியைக் கழற்றி எறிந்தான். கையைப் பார்க்கவில்லை. நின்றுபோன மெஷினைத்தான் பார்த்தான்.

"ஏன் மாமா நிறுத்தின? வண்டிங்கோ நிக்குது பாரு."

அறைந்தேன். ரத்தம் ஒழுக நிற்பவனைக் கன்னத்தில் இரண்டு முறை அறைந்தேன். அவன் நல்ல கையில் இருந்த ஸ்பேனரால் என் தோளில் அடித்தான். கழுத்தைப் பிடித்தேன். இருவரும் புளியந்தழை மேல் உருண்டோம். ஒரு பஸ் டிரைவர் இறங்கி வந்து எங்களைப் பிய்த்து எடுத்தார்.

"யோவ், வெரலு தொங்குதுய்யா. இப்பவா அடிச்சிக்கினு கீறீங்க?"

அப்போதுதான் அவன் கையைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அலறினான்.

ஆஸ்பத்திரியில் நடுவிரலின் நுனிக் கணுவை எடுத்துவிட்டார்கள். மோதிர விரல் தப்பியது. என் தோளில் எலும்பு விரிசல். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

தையல் பிரித்த மறுவாரம் அவன் வேலைக்கு வந்தான். இப்போது செயினைத் தொடும் முன், இன்ஜினுக்குப் பொறி தரும் பிளக்கின் மேலிருக்கும் தொப்பியைக் கழற்றச் சொல்கிறேன். கழற்றிவிட்டு என் முகத்துக்கு நேரே காட்டுகிறான்.

"போதுமா மாமா? மெஷினு செத்துப்போச்சி."

போதாது. ஸ்டார்ட்டர் கயிற்றை நானே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை அவன் கையில் கொடுக்கிறேன்.