பாலாறு செக்போஸ்ட்டில் நானும் ஒரு அக்யூஸ்ட்

போன வருஷம் ஆவணியில் என் தம்பிக்கு மேட்டூரில் கல்யாணம். நான் இருப்பது மைசூரில். எங்கள் கொங்கு வழக்கத்தில் மாப்பிள்ளையின் அக்கா பக்கத்தில் உட்காராமல் இணைச்சீர் என்ற சடங்கு நடக்காது. அது முடியாமல் தாலியும் ஏறாது. நான் வேலை பார்க்கும் பள்ளியில் லீவு கிடைக்காததால் கணவரையும் பிள்ளைகளையும் முன்னால் அனுப்பிவிட்டு, சீர் நடக்க வேண்டிய அன்று காலையில்தான் நான் பஸ் ஏறினேன்.

“மைசூருல குடியிருந்துட்டு கடைச் சந்தனமா கொண்டாருவ?” என்று அம்மா போனில் கேட்டதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பூஜையறையில் நாங்கள் இழைக்கும் உள்ளங்கை அகலக் கட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மஞ்சள் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். மேட்டூர் போகும் வழியில் கர்நாடக எல்லையிலிருக்கும் பாலாறு செக்போஸ்ட் வழியாகச் சந்தனக் கட்டை கொண்டுபோகக் கூடாதென்று இந்தப் பக்கம் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் புத்திக்கு அது சாமி சாமானாகத்தான் பட்டது.

செக்போஸ்ட்டில் பஸ்ஸில் ஏறிய வனக் காவலர் முதலில் “அம்மா” என்று மரியாதையாகத்தான் பையைத் திறக்கச் சொன்னார். கட்டை வெளியே வந்ததும் அந்த ‘அம்மா’ போய்விட்டது. என்னை இறக்கிவிட்டு பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள். உள்ளே ஒருவர் அதிகாரிக்குப் போன் போட்டு, லேடி அக்யூஸ்ட் ஒருத்தி சிக்கியிருக்கிறாள் என்று கன்னடத்தில் சொன்னார். ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தரும் என்னைத்தான்!

அங்கிருந்த பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். காட்டில் முயல் பிடித்து மாட்டியவர். காவலர்கள் அவரை ‘முயல் கள்ளன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். நான் பையை இறுக்கிக்கொண்டு இந்தக் கோடியில் உட்கார்ந்தேன். அவர் நிதானமாக நகர்ந்து வந்தார்.

“உங்குளுக்கு எத்தன கிலோங்க அக்கா?” என்றார்.

முதல் தடவையா என்று விசாரித்தார். அதிகாரி வந்தால் எதிர்த்துப் பேசக் கூடாது, மத்தியானச் சோறு இங்கே சுமார்தான் என்று, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவளுக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் திருடி இல்லை, சாயங்காலம் என் தம்பிக்கு இணைச்சீர் என்று கத்திவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. அவர் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர், எங்கள் இணைச்சீர் வழக்கம் தெரிந்தவர்.

அதிகாரி வந்தார். இணைச்சீர் என்றால் என்னவென்று கன்னடத்தில் விளக்கப் போனேன். பதற்றத்தில் தம்பியை நானே கட்டிக்கொள்ளப் போவதுபோல் அர்த்தம் வந்துவிட்டது. அவர் என்னை இன்னும் சந்தேகமாகப் பார்த்தார்.

பெஞ்சிலிருந்தவர் எழுந்து கை கட்டி நின்றார். “சார், இந்தக்கா நம்ம லைன் இல்லீங்க. கடத்தறவன் எவனாச்சும் கட்டைக்குப் பொட்டு வெச்சுக் கொண்டாருவானுங்களா? இவங்க போவலீன்னா அங்க கல்யாணம் நின்னு போயிருமுங்க.”

அதிகாரிக்குத் தமிழ் நன்றாகவே தெரியும் என்பது அவர் சிரித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கட்டையைப் பிடுங்கிக்கொண்டு, நன்றாகத் திட்டி, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடச் சொன்னார். நான் கிளம்பும்போது முயல் பிடித்தவர், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

சீர் நல்லபடியாக நடந்தது. இந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கிறேன். ஆனால் அந்தப் பெஞ்சில் இருந்தவரைப் பற்றிச் சொல்லும் இடம் வந்தால் மட்டும் தடுமாறிப் போகிறேன். அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை, காவலர்கள் கூப்பிட்ட பெயரைச் சொல்லவோ எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.