பெட்டியைத் திறங்கள்

எங்கள் நவோத்தாஸ் ஊர் மீன் ஆலையில் பதினொரு வருடம் மத்திக்குத் தலை கிள்ளியவள் லுடிவினா. நகங்கள் உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிக் கழன்ற பிறகு, முப்பத்தெட்டாவது வயதில் கணினி வகுப்புக்குப் போனாள். இன்டர்நெட் வராத ஆஸ்திரேலியர்களுக்கு போனில் வழி சொல்லும் வேலை கிடைத்தது. ஆறு மாதம் தாண்டினால் நிரந்தரம். ஐந்தரை மாதத்தில்தான் ஒரு கிழவர் கூப்பிட்டார்.

எங்கள் ஊரில் விளக்கைத் திறப்போம், விசிறியை மூடுவோம். போடுவதும் அணைப்பதும் எங்களுக்கு அதுதான். ஆங்கிலம் பேசும்போதும் அதே சொல்தான் வாயில் வரும். மோடம் பெட்டியைத் திறங்கள் என்றாள் லுடிவினா. கிழவர் ஸ்குரூவைக் கழற்றி நிஜமாகவே திறந்துவிட்டார். உள்ளே எதையோ இழுத்ததில் பெட்டி அதோடு செத்தது. புகார் வந்தது.

குழுத் தலைவன் ஜெரிக்குக்கு இருபத்தாறு வயது. காலைக் கூட்டத்தில் அந்தப் பேச்சின் பதிவை எல்லோருக்கும் போட்டுக் காட்டினான்.

"அக்கா, இது மீன் டின்னு இல்ல, கையில கெடச்சதும் தெறக்குறதுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். முந்தின நாள்வரை அதே சொல்லைச் சொன்னவர்களும் சிரித்ததுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தவறு முழுக்க என்னுடையது என்று எழுதிய ஒரு தாளை அவளிடம் நீட்டி ஜெரிக் கையெழுத்துக் கேட்டான். போட்டால் வேலை போய்விடும். அவள் போடவில்லை. தன் மேசையில் ஒட்டியிருந்த பயிற்சித் தாளைப் பிய்த்துக்கொண்டு மேலாளர் திருமதி மக்லயாவின் அறைக்குப் போனாள். ஜெரிக் பின்னாலேயே ஓடினான்.

தாளின் முதல் வரியே, பெட்டியைத் திறக்கச் சொல்லவும் என்பதுதான். அடியில் ஜெரிக்கின் பெயர்.

"அது ஒரு பேச்சுக்கு எழுதுனது மேடம். புரிஞ்சுக்கணும்ல."

"யாரு புரிஞ்சுக்கணும்? அந்தக் கெழவரா? டின்னு கெட்டுச்சுன்னா மீன் ஆலையிலகூட சூப்பர்வைசரத்தான் தம்பி மொதல்ல கேப்பாங்க."

திருமதி மக்லயா நெற்றியைத் தடவிக்கொண்டார். "ரொம்பக் குளிருது. ஜெரிக், அந்த ஏசிய மூடு."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் எல்லா மேசைகளிலும் அந்த வரியைத் திருத்திய புதுத் தாள் ஒட்டினார்கள். பதினைந்தாம் நாள் நிரந்தர ஆணையும் வந்தது. எல்லோரும் சிரித்த அதே காலைக் கூட்டத்தில் வைத்து ஜெரிக் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள் லுடிவினா. சின்னப் பையன், விட்டுவிடு என்றார் மேலாளர். ஆணையை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

இப்போதெல்லாம் காலைக் கூட்டத்தில் ஜெரிக் யாருடைய பதிவைப் போட்டாலும், அது முடியும்வரை அவனையே பார்த்தபடி அவள் எழுந்து நிற்கிறாள். ஏன் நிற்கிறாய் என்று அவன் இன்னும் கேட்கவில்லை.