மார்லிஸ் எழுந்துபோன வியாழக்கிழமை

சீட்டாட்டத்தில் பந்தயச் சில்லுகள் தன் பக்கம் சேர்ந்துவிட்டால் மார்லிஸ் ஆக்டன் பேச்சை நிறுத்திவிடுவாள். அதுவரை முட்டிவலி, டயர் விலை, கணவனின் மீன்பிடிப் படகு என்று மேஜையில் இருக்கிற ஒன்பது பேரோடும் வளவளத்துக்கொண்டிருப்பவள், மேஜையிலேயே பெரிய குவியல் தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு, சில்லுகளை இருபது இருபதாக அடுக்குவாள். அடுக்கி முடித்து மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைப்பாள். ரீனோ நகரத்துச் சூதாட்ட விடுதியின் போக்கர் அறைக்கு வழக்கமாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும், "பஸ் கிளம்பிடுச்சுப்பா" என்பார்கள்.

பத்தொன்பது வருடமாக அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். காலை ஓட்டம் எட்டே முக்காலுக்கு முடிந்துவிடும். மறுபடி இரண்டு மணிக்கு டிப்போவில் இருந்தால் போதும். மாதத்தின் கடைசி வியாழக்கிழமை காலையில் நடக்கும் போட்டிக்கு, ஒளிரும் பட்டை தைத்த வேலைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

சில்லு குறைவாக இருக்கும்போது அவள் ஆட்டத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பயந்து பயந்து ஆடுவாள். கை ஓங்கிவிட்டால் வேறு ஆள். "எல்லாரும் சீட்டப் பாத்து ஆடறாங்க. நெறைய வச்சிருக்கறவளுக்கு சீட்டு எதுக்கு? எதிர்ல இருக்கறவனுக்கு இப்பவே வீட்டுக்குப் போக இஷ்டமான்னு மட்டும் பாத்தாப் போதும்" என்பாள். ஒரு பந்தயத்தில் தோற்றாலும் அவள் நாற்காலியில்தான் இருப்பாள். தோற்றால் எழுந்து போகவேண்டியவன் எதிராளி. அதனால் சீட்டு எதுவானாலும் பந்தயத்தை ஏற்றுவாள். அதிலும் மிகக் கொஞ்சம் வைத்திருப்பவனைச் சீண்டமாட்டாள். அவனுக்கு இழக்க ஒன்றுமில்லை, குருட்டுத் துணிச்சலில் பாய்ந்துவிடுவான். நடுவாந்தரமாக வைத்திருப்பவன்தான் அவளுக்குத் தோது. தனக்கு முன்னால் அந்த ஏழை வெளியேறட்டும், பரிசுப் பட்டியலில் நாம் ஏறிவிடலாம் என்று காத்திருப்பவன் அவன். காத்திருப்பவனிடம் பிடுங்குவது சுலபம். ஆனால் யார் தோற்று எழுந்தாலும், நாற்காலியின் பின்னால் தொங்கும் கோட்டை அவளே எடுத்துக் கொடுப்பாள்.

அறையின் சுவரில் ஒரு பலகை உண்டு. மாதந்தோறும் முதலிடம் பெற்றவரின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து அதில் பதிப்பார்கள். ஆறு வருடத்தில் மார்லிஸ் நான்கு முறை இரண்டாவதாக வந்திருக்கிறாள். பலகையில் அவள் பெயர் இல்லை.

பிப்ரவரிக் கடைசி வியாழனன்று நாற்பது பேரில் நால்வர் மிச்சம். பரிசு மூவருக்குத்தான். மொத்தச் சில்லில் பாதிக்கு மேல் மார்லிஸிடம் இருந்தது. கிணறு தோண்டும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற வெர்ன் ஹாஸ்க்கும் பல் மருத்துவர் கீஸ்லரும் நடுவாந்தரம். லாரிக்காரர் ராஸ்கோவிடம் ஒரே ஒரு அடுக்கு. ஒரு மணிநேரமாக அவள் ராஸ்கோவை விட்டுவைத்து, மற்ற இருவரையும் உரித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டே காலுக்கு, டிப்போவில் வண்டிகளை அனுப்பிவைக்கும் கார்லீன் அலைபேசியில் அழைத்தாள். மலையில் பனி கொட்டத் தொடங்கிவிட்டதாம். பள்ளிக்கூடத்தை ஒரு மணிக்கே விடுகிறார்களாம். மார்லிஸ் வரமுடியாவிட்டால் இருப்பது புதிதாகச் சேர்ந்த ஒரு ஓட்டுநர் மட்டும்தானாம்.

"பனியில வழுக்காம சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டத் தெரியுமா அவருக்கு?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"செஞ்சு காட்டினோம். தனியா மாட்டினதில்ல."

"நானே வரேன்."

மேஜைக்குத் திரும்பி, உட்காராமலே விஷயத்தைச் சொன்னாள். பரிசுப் பணத்தை நாலு பங்காகச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம், தன் குவியலுக்காக அதிகப் பணம் வேண்டாம், பலகையில் பெயர் மட்டும் போதும் என்றாள். ராஸ்கோ அவள் முடிப்பதற்குள் சம்மதித்துவிட்டார். மருத்துவரும் தலையசைத்தார். வெர்ன் மட்டும் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். நால்வரும் ஒத்துக்கொள்ளாமல் எதுவும் நடக்காது.

"பணம்னா பிரிச்சுக்கலாம் மார்லிஸ். பேர எப்படித் தூக்கிக் குடுக்கறது? உக்காந்து ஆடி எடுத்துக்கணும்."

"என் எடத்துல நீ இருந்தா?"

"இதேதான் கேட்டிருப்பேன். நீயும் முடியாதுன்னுதான் சொல்லியிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன்" என்றாள் மார்லிஸ். சாய்ந்திருந்த ஒரு அடுக்கை விரலால் நேராக்கிவிட்டு, கோட்டின் ஜிப்பை இழுத்துக்கொண்டு போனாள்.

ஆள் எழுந்து போனாலும் சில்லுகள் போவதில்லை. சீட்டுப் போடுகிற பெண் காலி நாற்காலிக்கும் இரண்டு சீட்டு போடுவாள், கட்டாயப் பந்தயம் வரும் முறையில் அந்த அடுக்கிலிருந்து எடுத்து வைப்பாள், பிறகு யாரும் பார்க்காமலே அந்தச் சீட்டுகளை ஒதுக்கிவிடுவாள். கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தச் சில்லுகளை யார் முந்தி எடுப்பது என்று மூவருக்கும் பரபரப்பு. ராஸ்கோ உதவாத சீட்டை வைத்துக்கொண்டு இருந்ததையெல்லாம் தள்ளினார். இவரும் திருடத்தான் வருகிறார் என்று கணக்குப் போட்ட மருத்துவர் அதே அளவு வைத்து மறித்தார். ராஸ்கோ தோற்று வெளியேறினார். ஐந்தாறு ஆட்டம் கழித்து மருத்துவரும் வெர்னும் அதே சில்லுகளுக்காக நேருக்கு நேர் மோதினார்கள். மருத்துவரிடம் இரண்டு ஒன்பதுகள், வெர்னிடம் ஏஸும் ராஜாவும். மேஜை நடுவில் கடைசிச் சீட்டாக இன்னொரு ஏஸ் விழுந்து வெர்ன் ஜெயித்தார். மார்லிஸ் இல்லாமலே அவள் குவியல் இரண்டு பேரை வெளியே அனுப்பிவிட்டது.

மீதி நேரம் வெர்ன் காலி நாற்காலியோடு ஆடினார். ஒவ்வொரு முறையும் சீட்டு வந்து விழும், ஒதுங்கும், கொஞ்சம் சில்லு அவர் பக்கம் நகரும். ஆட்டத்தை நிறுத்திவைக்க முடியாதா என்று இரண்டு முறை மேலாளரிடம் கேட்டார். விதி இடம்கொடுக்கவில்லை. இரண்டு மணிநேரத்தில் எதிரே பச்சைத் துணிதான் இருந்தது. முதலிடம் வெர்ன், இரண்டாமிடம் மார்லிஸ். தகட்டில் பெயரை எப்படிப் பொறிக்கவேண்டும் என்று மேலாளர் கேட்டதற்கு, "கொஞ்சம் பொறுங்க. அவகிட்ட ஒரு வார்த்த பேசிட்டுச் சொல்றேன்" என்று அலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மார்லிஸ் அப்போதுதான் டிப்போவுக்குள் திரும்பியிருந்தாள். மலைப்பாதையில் இரண்டு இடத்தில் இறங்கிச் சங்கிலியை இறுக்கியிருந்தாள். முப்பத்தொரு பிள்ளைகளையும் வாசல்வரை விட்டாயிற்று. விரல்கள் இன்னும் மரத்துக் கிடந்தன. இன்ஜினை நிறுத்தியதும் கோட்டுப்பையில் அலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். வெர்னின் பெயர். திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து, முதல் வரிசையிலிருந்து தொடங்கினாள். இடப்பக்க இருக்கை, வலப்பக்க இருக்கை, குனிந்து அடிப்பக்கம். எந்தப் பிள்ளையாவது தூங்கிப்போய்க் கிடக்கிறதா என்று. நான்காவது வரிசையில் சிவப்புக் கையுறை ஒன்று கிடைத்தது. அலைபேசி மறுபடியும் அதிர்ந்தது. அப்போது அவள் ஏழாவது வரிசையில், ஒரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, முட்டியை மெல்ல மடக்கிக் குனிந்துகொண்டிருந்தாள். இன்னும் ஐந்து வரிசை இருந்தது.